இருபத்திமூன்றாம் நிமிடம்

அலுமாரிக்குள் இருந்துதான் பேசினேன்,
சேலைகளுக்கு நடுவில், பூச்சி உருண்டை வாசத்தில்,
அண்ணனின் பழைய சப்பாத்துப் பெட்டியில்
போனைச் சாய்த்து வைத்து.
முதல் வாரம் பதினொரு பேர் கேட்டார்கள்.
அதில் நாலு பேர் நானே,
வேறு வேறு போனில்.

நிகழ்ச்சிக்குப் பெயர் 'விடியமுன்'. எனக்குத் தாழை.
றொசில்டா என்றால் தன்னாமுனையில் ஒரே ஆள்.
கோயில் வாசலில் கேட்டால்
கூட்டிக்கொண்டே வந்து விட்டுவிடுவார்கள்.
தாழைக்கு முகமில்லை, வயதில்லை,
ஆஸ்பத்திரி றோட்டு லாபில்
இரத்தம் எடுக்கிற வேலையுமில்லை.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை.
ஊசியைக் கண்டு மயங்கி விழுந்த பொலிஸ்காரர்.
பஸ்ஸில் என் தோளில் தூங்கிப்போனவளை
எழுப்ப மனமில்லாமல்
ஏறாவூர் தாண்டிப் போய் இறங்கியது.
பத்தொன்பதாவதில்,
என் வளையலை அடகு வைத்துவிட்டு
தொலைந்துபோனதாகச் சொன்ன ஒருவர்.
பெயர் சொல்லவில்லை.

பத்தொன்பதோடு பொங்கியது.
ஸ்காபரோ, லாச்சப்பல், டோஹா.
நாற்பதாயிரம் பேர்,
காதைக் கணக்கெடுத்தால் இரட்டிப்பு.
அண்ணன் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.
பெட்டி இன்னும் என்னிடம்தான்.

டோஹாவில் இருந்து ஒரு தம்பி எழுதினான்:
"அக்கா, இருபத்திமூணாம் நிமிசம் பாண் ஓட்டோ பாட்டு.
முப்பத்தொண்டில கோச்சி. நடுவில கோயில் மணி.
வாவிப் பக்கம் போற மூணாவது ஒழுங்கை, சரியா?
அந்தக் கோச்சிக்குத்தான்
சைக்கிள நிப்பாட்டிப்போட்டு நிப்பன் கா."
கீழே சிரிக்கிற முகம் ஒன்று, அழுகிற முகம் ஒன்று.

அவன் நல்லவன். தன் வீட்டைத்தான் தேடினான்.

அடுத்தவன் எதுவும் எழுதவில்லை.
என் கேற்றின் படம் மட்டும் அனுப்பினான்.
கேற்றில் காய்கிற கால்துடைப்பான்,
அதன் கீழே சோடா,
படமெடுத்தவனைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு.

வெட்டத் தொடங்கினேன்.
பாண் பாட்டை வெட்டினேன், கோச்சியை, மணியை,
பக்கத்து வீட்டில் வாளி விழுந்ததை,
சோடாவின் குரைப்பை,
ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருந்த ஊரை.
"என்னக்கா, இப்ப ஸ்டூடியோவா? நாய் எங்க?"
ஆயிரம் பேர் கேட்டார்கள்.
நாய் இருக்கிறது. பின்பக்கம் கட்டியிருக்கிறது.

ஆனால் குரலை எங்கே வெட்டுவது?
"தன்னாமுனை இறக்கம்" என்றேன்,
பஸ்ஸில் மூன்று தலை திரும்பியது.
கையை நீட்டிக்கொண்டிருந்த ஒருத்தி
"நீங்க... தாழையா?" என்றாள்.
சிரித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.
"என்ட சீனி வருத்தத்தக் கதைச்சிராதீங்க கா."
அன்றைக்கு நரம்பு பிடிபடவில்லை.
இரண்டு தரம் குத்தினேன்.

இப்போது சந்தையில் விரலால்தான் வாங்குகிறேன்.
கீரி மீனைக் காட்டி ஒரு விரல்.
ஜவாஹிர் நானாவும் விலையை விரலிலேயே சொல்வார்,
பக்கத்து ஆளிடம் "ஊமப் புள்ள, பாவம்" என்று
இரண்டு மீனைக் கூடப் போடுவார்.
வேண்டாம் என்று சொல்ல
வாய் வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை
தராசில் சாய்த்த போனில் தாழை இருந்தாள்.
தன் பகிடிக்குத் தானே சிரித்தாள்.
நானாவும் சிரித்து,
செதிள் ஒட்டிய பெருவிரலால் சத்தத்தைக் கூட்டினார்.
என்னைக் கண்டதும் குறைத்தார்,
காது கேளாத ஆளுக்கு முன்னால்
அது ஒரு மரியாதை போலும்.

பழைய பதிவு. கத்தி வைக்காதது.
பாண் பாட்டு வந்தது, போனது.
பிறகு சோடா குரைத்தது.

குடலுக்காக மேசைக்கடியில் கிடந்த சந்தை நாய்
காதை நிமிர்த்தியது. போனைப் பார்த்தது.
எழும்பி வந்து
என் காலை மோந்தது.