பதினோராம் நம்பர்

மார்ச்சிலும் வின்னிபெக்கில் பனி.
பஸ் ஒரு பக்கமாய்ச் சரிந்து
எனக்காக மண்டியிடுகிறது.
எனக்குத்தான் மண்டியிட வராது.

தண்டுவடத்தில் வீக்கம் என்றார்கள்.
வற்றிவிட்டது என்றார்கள் பிறகு.
சேதி கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.
பதினாறு மாதம்.

நேற்றிரவு
போர்வைக்கு வெளியே கிடந்த இடது பெருவிரல்
குளிர்ந்தது.
"ஜன்னல் இடுக்கை அடைக்கவா?" என்றான் முகுந்தன்.
வேண்டாம், இருக்கட்டும்.
சுண்டுவிரல் வரைக்கும் கூடப் போகாத குளிர்;
விடியும்வரை காவல் காத்தேன் அதை.

கல்லூரியில், காசில்லாத நாட்களில்
நடந்து போவதைப்
பதினோராம் நம்பர் பஸ் என்போம்.

இறங்கி எந்த பஸ் மாறணும்?
கேட்கிறார் டிரைவர்,
சக்கரங்களுக்குக் கொக்கி மாட்டியபடி.
பதினொன்று.
அது இந்தப் பக்கம் வராதே என்கிறார்.

தெரியும்.
நேற்று ஹார்ன் கேட்டது.