தலைமாடு வடக்கு

ஜஹ்ராவைத் தாண்டியதும்
சாலை பேச்சை நிறுத்திவிட்டது.
ஹாஃப் லாரியின் பின்னால் என் பெட்டி,
கம்பளி, ஸ்பானர் பை.
மடியில்
சால்மியாவில் ஒன்பது வருஷம்
லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கைகள்.

ஏன் போகிறாய் என்று
ஜிலீபில் எட்டுப் பேர் கேட்டார்கள்.
எட்டுப் பேரும்
ஒரே அறையில் இருந்துதான் கேட்டார்கள்.

இருபத்திரண்டு மாடிகளின் தொண்டைக்குள்
தொங்கிக்கொண்டு கிரீஸ் போட்டவன்.
அப்தலியில் மேலே ஏறுவது
தக்காளிக் கொடி மட்டும்.
அதற்கும் நூல் கட்டிவிட வேண்டும்.

"விவசாயம் தெரியுமா?" என்றார்
எகிப்துக்காரர் ஷஹாத்தா.
தூத்துக்குடி போல்பேட்டையில் வளர்ந்தவனுக்குத்
தக்காளி காய்ப்பது மார்க்கெட் கூடையில்.
"மோட்டார் தெரியும்" என்றேன்.
பேரைக் கேட்டார். சேர்மதுரை.
நாக்கில் இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு
சேர்மன் ஆக்கிவிட்டார்.
சம்பளம் இருபது தினார் குறைவு,
பதவி பெரிசு.

கன்டெய்னர் அறை, எனக்கே எனக்கு.
கட்டிலைத் தரையோடு போல்ட் போட்டிருந்தார்கள்.
சண்முகக்கனி போனில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள்,
அடுப்பு, ஜன்னல், எல்லைப் பக்கத்து விளக்குகள்.
"தலைமாடு எந்தத் திசை?"
வடக்கு.
அப்புறம் அவள் அதையே பேசினாள்.
வடக்கே தலை வைத்தால் ஆயுசு போகும்,
போல்ட்டைக் கழற்ற உங்களுக்குத் தெரியாதா?
தெரியும்.
துருப்பிடித்த போல்ட்டும் என்னைப் போலத்தான் என்றால்
சிரித்திருப்பாள். சொல்லவில்லை.
கால்மாட்டுக்குத் தலையணையை மாற்றினால்
கதவிடுக்குக் காற்று முகத்தில்.
பொய் சொல்லிவிட்டேன், தெற்கே படுப்பதாக.

ஷமால் என்றால் வடக்கு.
ஷமால் என்றால் அந்தக் காற்றும்.
நம்மூரில் வாடை என்றதும்
திசையைத் தனியாகச் சொல்ல வேண்டாமே, அப்படி.
வாடை வீட்டில் காத்திருப்பவளை வாட்டும் என்று
பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறேன்.
வேலைக்குப் போனவன் காதில் அது என்ன செய்யும் என்பது
பரீட்சைக்கு வரவில்லை.

முதல் வாரம் தூக்கமே இல்லை.
எட்டுப் பேர் குறட்டையில்லாத இருட்டு
காதுக்குள் கனத்தது.
பிறகு பசுங்கூடத்து டீசல் ஹீட்டரின் காற்றாடி
குறட்டையாயிற்று.

ஜனவரியில் ஒரு ராத்திரி
சத்தம் நின்று எழுந்தேன்.
மொத்தலிப் செருப்பில்லாமல் ஓடுகிறான்.
பிளாஸ்டிக் சுவரில் வெள்ளையாக ஏதோ.
உப்பு என்றே நினைத்தேன், எங்கள் ஊர்க் கண்ணல்லவா,
தொட்டதும் விரலைக் கடித்தது.
ஹீட்டர் பெல்ட் அறுந்து கிடந்தது.
நான்கு சாண் உயரக் கொடிகள், ஆயிரத்து இருநூறு,
யாரோ திட்டியதுபோல் தலை குனிந்து.

ஸ்பானர் பையின் அடியில்
பதினோராம் மாடியில் கதவு திறந்து மூடிய பெல்ட்,
எறிய மனசில்லாமல் கொண்டுவந்தது.
ஒரு விரற்கடை நீளம் அதிகம்.
மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி, ஆப்பு வைத்து,
பல்லால் டார்ச்சைப் பிடித்து மாட்டினேன்.
அதற்குள் மொத்தலிப்
அவன் கம்பளியை ஒரு வரிசைக்குப் போர்த்திவிட்டு
என் கம்பளியை அடுத்ததற்குப் போர்த்தியிருந்தான்,
கேட்காமலே.
காற்றாடி இருமியது. பிறகு ஓடியது.

போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை.
வரிசைகளுக்கு நடுவே படுத்தோம்,
ஈரமண், இலைக் காரம், டீசல் வாடை.
இந்த வாடைக்குத் திசை கிடையாது.

ஓரத்து வரிசை கருகிப்போயிற்று.
மீதி பிழைத்தது.
ஷஹாத்தா எண்ணிப் பார்த்துவிட்டு
எனக்கு ஒரு தேநீர் போட்டார், சர்க்கரை நான்கு ஸ்பூன்.

கம்பளியை மூன்று தடவை துவைத்தாயிற்று.
தக்காளி இலைக் கறை போகவில்லை.
நகக்கண்ணில் கிரீஸ் இருந்த இடத்திலும் பச்சை.
சண்முகக்கனி போனில் பார்த்துவிட்டு
"கையில் என்ன அது?" என்றாள்.
தலைமாட்டைப் பற்றி இன்று கேட்கவில்லை.