ஐம்பது துளி

குப்பி திறந்தது காலை ஆறே முக்காலுக்கு.
பொடியில் நீர் விட்டுக் குலுக்கினால்
பத்து மணிவரை உயிரோடிருக்கும்,
ஐஸ் பெட்டிக்குள்.
உயிரோடு என்று சும்மா சொல்லவில்லை.
உள்ளே இருப்பது நோயேதான்,
பல்லுப் பிடுங்கின நோய்.
என் கண்ணில் தெறித்தால் எனக்கும் காய்ச்சல் வரும்.
அதனால்தான் இந்த வெக்கையிலும்
கண்ணாடி, கையுறை, முகமூடி.
ஆடுகள் என்னைக் கண்டு மிரள்வதில் ஞாயம் உண்டு.

கல்லுண்டாய் வெளியில் உப்புக் காற்று.
கிளுவைக் கதியால்களுக்குள் நேசமலரின் பட்டி
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து நிற்கிறது.
ஐம்பத்தொன்பது செம்மறி.
"சினைப்பட்டதுகளை முதல்ல பிரியுங்கோ" என்கிறேன்.
பிழைத்தால் இந்தத் துளியே குட்டியைத் தள்ளிவிடும்.
அவள் வயிற்றைத் தடவவில்லை, மடியைப் பார்க்கவில்லை.
ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.
வந்து நிற்கிற விதத்தில் தெரியுமாம்.
பதினாறு விலகின.
கிடாய் ஐந்து.
மிச்சம் முப்பத்தெட்டு.

மாசியில் ஒன்பது விழுந்தன,
மயிர் முளைக்காத ஒன்பது.
புருஷன் சுந்தரேசன் வெறுங்கையால் தூக்கி
வடலிக்குள் தாட்டவர்.
சித்திரையில் அவருக்குப் பிடித்தது:
பின்னேரம் ஏறும், விடியப்புறம் வேர்த்து இறங்கும்.
டெங்கு இல்லை. மலேரியா இல்லை.
ரத்தம் மூன்று தரம் எடுத்தார்கள்,
ஒருவர் நூல் கட்டிவிட்டார்.
நாலாம் தரம் எடுத்த டொக்டர்தான் கேட்டாராம்,
"வீட்டில ஆடு நிக்குதோ?"
ஆறு கிழமைக் குளிசை.
இப்போது வேலிக்கு வெளியே
தார் பீப்பாவில் இருந்து காதுப்பட்டி இலக்கம் எழுதுகிறார்,
மணிக்கட்டில் நூல் இன்னும் கழறவில்லை.

ஒருகையால் தாடை. மறுகைப் பெருவிரலால்
கீழிமையை இழுத்தால் சிவப்புக் குழி.
அதற்குள் ஒரு துளி.
ஆடு இமைக்கும், தலையை உதறும்,
அழுததுபோல் ஒரு கோடு மூக்குவரை இறங்கும்.
அவ்வளவுதான்.
முப்பத்தெட்டு தரம் அவ்வளவுதான்.

ஒன்பது பத்து. குப்பியில் பன்னிரண்டு துளி.
"மிச்சத்தை என்ன செய்வியள்?"
"குளோரின் ஊத்தி அழிக்கவேணும்."
நேசமலர் கிழக்கு வேலியைப் பார்த்தாள்.
தகரம் அடித்த வேலி.
அங்கால் சிவபாதம்.
நடுவில் ஒரு பூவரசு,
அது யாருடையதென்று பதினொரு வருஷமாய்
மல்லாகம் கோட்டில் தவணை.
இந்த முற்றத்தில் அந்தப் பேரைச் சொல்வதில்லை.

"அங்காலயும் பதினொரு மறிக்குட்டி நிக்குது"
என்றாள் ஆட்டின் காதைப் பார்த்துக்கொண்டு.
பிறகு அவசரமாய்,
"எண்ணினது நானெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

தகரத்தின் அடியில் ஒரு ஓட்டை,
விளிம்பில் ஆட்டு மயிர்.
கிடாய்க்குத் தவணை இல்லை.
போய்ப் பார்த்தேன்: பதினொன்றில் ஏழுக்கு
நேசமலரின் கிடாயின் அதே வெள்ளைச் சுட்டி.
சிவபாதம் ஒரு சொல் கதையாமல்
குட்டிகளைப் பிடித்துப் பிடித்துத் தந்தார்.
கடைசிக் குட்டிக்குத்தான் கேட்டார்,
"இந்த மருந்து ஆர் தந்தது?"
"அரசாங்கம்" என்றேன்.
தகரத்துக்கு அங்கால் யாரோ இருமினார்கள்.
அவர் பால்தேத்தண்ணி நீட்டினார்.
பால் கொதித்ததோ என்று கேட்டுத்தான் வாங்கினேன்.
கோபித்திருப்பார்.

பத்துக்கு மூன்று நிமிஷம். ஒரு துளி மிச்சம்.
குளோரின் ஊற்றினேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
பெற்றது ஐம்பது. இட்டது நாற்பத்தொன்பது. அழித்தது ஒன்று.
உரிமையாளர் என்ற இடத்தில்
இரண்டு பேர், ஒன்றின்கீழ் ஒன்று.
நடுவில் கோடு
அச்சடித்தே இருந்தது.