இல்லை வேறு, வேண்டாம் வேறு

காலை ஆறு பத்துக்குப் போன் அலறியது.
வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்து நேரம் சொல்லும் எங்கள் செயலியில்
ஒரு மணி நேரத்துக்குள் மூவாயிரத்து நாற்பது பிழைகள்.
போர்வையோடு மடிக்கணினியைத் திறந்தேன்.
சிவப்பு. கீழே இழுக்க இழுக்கச் சிவப்பு.

எதுவும் உடைந்திருக்கவில்லை.
போர்டேஜ் அவென்யூவில் நின்றவர்கள்
கையுறையைப் பல்லால் கழற்றி
அடுத்த வண்டி எப்போது என்று கேட்டிருக்கிறார்கள்;
பதிலுக்கு முன் வண்டியே வந்துவிட்டது.
போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்கள்.
அவ்வளவுதான்.
ஏறிய ஒவ்வொருவரையும் நாங்கள்
தோல்வி என்று எழுதி வைத்திருந்தோம்.

பத்து மணிக்கு ஒலேனாவிடம் சொன்னேன்:
அடிப்படை வகுப்பையே மாற்றலாம்.
இரண்டு வினை போதும். அனுப்பு. கைவிடு.
உடம்பு கிடையாது, பெயர் மட்டும்;
ஃபெட்ச்சோ, சாக்கெட்டோ, நாளைக்கு வரப்போகும் எதுவோ
அது வந்து உடம்பு கொடுக்கட்டும்.
கொடுக்க மறந்தால் அங்கேயே வெடிக்கட்டும்.
ஜாவாஸ்கிரிப்ட் இதற்கெல்லாம் கையெழுத்து வாங்காது,
வாய்ச்சொல்லை நம்பித்தான் குடித்தனம்.

"கைவிட்டால் என்ன திரும்பும்?" என்றாள்.
"ரத்தும் ஒரு பிழைதானே, எறிந்துவிடு."

கடையில் பால் இல்லை.
எனக்குப் பால் வேண்டாம்.
கோப்பை இரண்டு தரமும் காலிதான்.
ஆனால் என் மொழியில் யாரும்
ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொல்ல மாட்டார்கள் என்றேன்.
பேனா மூடியைக் கடித்தபடி இருந்தவள்
"நெமா," என்றாள். கொஞ்சம் கழித்து, "நெ த்ரெபா."
எங்களிடமும் உண்டு.
பிறகு பலகையில் பிழைக்குப் பக்கத்தில்
சாம்பல் நிறத்தில் இன்னொரு பத்தி வரைந்தாள்.

மதியம் முழுக்க வேறொரு சிக்கல்.
ஒரே கேள்வியை இரண்டு திரைகள் பகிர்ந்தால்?
ஒன்று வேண்டாம் என்றதும் மற்றது பட்டினி.
பந்தியில் கடைசி ஆளும் எழுந்தபின் இலையை எடு என்று
ஓர் எண்ணிக்கை வைத்தோம்.

சர்வருக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.
நாம் கைவிட்டது தெரியாமல் சில சமயம்
அதுபாட்டுக்குத் தேடி, அடுக்கி, அனுப்பும்.
இந்தப் பக்கம் வாங்க ஆளிருக்காது.
வகுப்பின் தலையில் குறிப்பாக ஒரு வரி எழுதினேன்:
கைவிடு என்றால் நிறுத்து என்று அர்த்தமில்லை,
இனி நான் காத்திருக்கவில்லை என்று அர்த்தம்.
ஒலேனா படித்தாள். திருத்தவில்லை.

ஐந்தரைக்கு நிறுத்தத்தில் நானும் கேட்டேன்.
வட்டம் சுழன்றது.
பனியைச் சப்பிக்கொண்டு வண்டி வந்து நின்றது.
சாம்பல் பத்தியில் ஒன்று கூடியிருக்கும்.
எடுத்துப் பார்க்கவில்லை,
விரல் விறைத்திருந்தது.