கணக்கில் வராதது

ஆலையில் என் கத்திக்குப் பதினேழாம் எண்.
வெள்ளை பிளாஸ்டிக் பிடி.
உள்ளே போகும்போது ஒரு கையெழுத்து,
வெளியே வரும்போது ஒரு கையெழுத்து.
நடுவில் கோழிகள்,
தலைகீழாக, ஈரமாக, ஒன்றன்பின் ஒன்றாக,
ஸ்பிரிங்டேல் ஊரே தின்றாலும் தீராதபடி.

எத்தனை தோள்மூட்டு அறுத்தேன் என்று
சுவரில் சிவப்பு எழுத்து சொல்லும்.
ராத்திரியில் வலது கை சொல்லும்.
விரல்கள் மடங்காது.

அதனால் இடது கையால்தான் அடித்தேன்.

கொட்டகைக்குப் பின்னால்
செத்துப்போன லாரியின் பிரேக் டிரம்தான் உலை.
டுவைட் விட்டுப்போனதில் உருப்படியான ஒன்று
ஒரு ஹேர் டிரையர். அது துருத்தி.
அவனுக்கு அத்தனை முடியும் கிடையாது.
தண்டவாளத் துண்டு ஒன்று பட்டறைக்கல்.
இரும்புக்கு அதே லாரியின் வில்தகடு.
இருபது வருஷம் ஓசார்க் மலைச்சாலையின்
ஒவ்வொரு குழிக்கும் வளைந்து, நிமிர்ந்து,
முறியாமல் வந்தது.

போவி கத்தியின் முதுகு நேராகப் போய்
நுனிக்குக் கொஞ்சம் முன்னால்
ஏரி வற்றுவதுபோல் உள்வாங்க வேண்டும்.
ஆனால் வாயை அடித்து மெலியவைத்தால்
மொத்தமும் முதுகுப்பக்கம் வளைகிறது.
ஆகவே முதலிலேயே எதிர்ப்பக்கம் வளைத்துவைத்தேன்.
அடிக்க அடிக்க அது தானாக நேராயிற்று.
என்னையும் யாராவது முன்கூட்டியே
சரி, விடு.

நெய்மோன் வந்து குறடு பிடித்தாள்.
மார்ஷல் தீவுக்காரி, பக்கத்து வீடு,
ஆலையில் எனக்கு இரண்டு கொக்கி தள்ளி நிற்பவள்.
"எதுக்கு ட்வைலா இவ்வளவு பெரிசு?"
"கரடிக்கு."
"கரடி எங்கே?"
நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

கயிற்றில் கட்டிய காந்தம்
ஒட்டியது, ஒட்டியது, ஒட்டவில்லை.
அதுதான் நேரம்.
போதாதோ என்று இன்னும் கொஞ்சம் வைத்தேன்.
பிறகு வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் இறக்கினேன்.

டிங்.

தேக்கரண்டி விழுந்த சத்தம்கூட இல்லை.
நெய்மோன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
எண்ணெயையே பார்த்தாள்.
வாயிலிருந்து முதுகுவரை மயிரிழை போல ஒரு கோடு.
நாலு ஞாயிற்றுக்கிழமை.

வெயிலில் சூட்டின் நிறம் பொய் சொல்லும் என்று
அப்புறம்தான் உறைத்தது.
மங்கிய சிவப்பு என்று நான் நம்பியது
அளவு மீறிய மஞ்சள்.

வில்தகட்டின் மறுபாதி இருந்தது.

இந்த முறை இருட்டும்வரை காத்திருந்தோம்.
எனக்கு பீர், அவளுக்கு ஐஸ் போட்ட தேநீர்.
வாசல் விளக்கையும் அணைத்தாள்.
பழுத்த இரும்புக்குள் ஒரு நிழல்
வயலை மேகம் கடப்பதுபோல் ஊர்ந்து, போய்விட்டது.
இறக்கினேன். வாய் மட்டும்.
முதுகு வெளியே, தன் சூட்டில் தானே ஆறட்டும் என்று.
எண்ணெய் குமுறியது, புகைந்தது, அடங்கியது.
இருவரும் காதைக் கொடுத்தோம்.
தவளைகள்.
வேறொன்றுமில்லை.

சமையலறை அடுப்பில் இரண்டு முறை வாட்டினேன்,
வைக்கோல் நிறம் வரும்வரை.
அந்த வாரம் சோள ரொட்டியிலும் அதே நாற்றம்.

பிடிக்கு ஒரு பழைய வேலிக்கம்பம்.
தடிமனாக இழைத்தேன், மடங்காத கைக்கு ஏற்ற தடிமன்.
மூன்று சுத்தியல் தழும்பு இருக்கிறது.
தேய்க்கவில்லை.

நெய்மோன் வாங்கிப் புரட்டினாள்,
பிடியின் அடியைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள்,
மறுபடியும் அடியை.
"எண் எங்கே?"

பழக்கம்தான்.
கேட்ட பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது,
தர்பூசணியைப் பிளக்கும்வரை நிற்கவில்லை.

நாலு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது
மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்,
விதையும் சாறும் ஒட்டியபடி.
கதவைப் பூட்டியதாகக்கூட நினைவில்லை.