அபராதத்துக்கு ஒரு டப்பா

நவம்பர் மாதம் முழுக்க
தாமதக் கட்டணத்துக்குக் காசு வாங்கமாட்டோம்.
இரண்டு டாலர் பாக்கிக்கு ஒரு டப்பா.
அவரையோ சூப்போ சூரை மீனோ
எதுவானாலும் சரி, தேதி தாண்டாமல் இருந்தால்.
திரையில் ‘தள்ளுபடி’யை அழுத்திவிட்டு
டப்பாவை மேசைக்கடியில் அடுக்குவேன்.

வெளியே மைனஸ் முப்பது.
ஆறு உறைந்து, பாலமே வேண்டாம் என்று கிடக்கிறது.
நிறுத்துமிடத்துக் கார்கள்
எஞ்சின் உறையாதிருக்க மின்கம்பத்தில் கட்டுண்டு
கன்றுகளைப்போல் நிற்கின்றன.
சஸ்காட்டூனில் இதற்குக் குளிர் என்று பெயரில்லை,
செவ்வாய்க்கிழமை என்று பெயர்.

பேராசிரியர் க்ளாசன் எட்டு டப்பா கொண்டுவந்தார்,
எட்டும் பட்டாணி.
ஏழு வருடமாக அவரிடம் இருக்கும் புத்தகத்தைக் கேட்டேன்.
‘இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றார்.

சனிக்கிழமைகளில் ஊரார் வருவார்கள்,
பல்கலைக்கழக அட்டை இல்லாதவர்களும்.
வேதியியல் அலமாரிகளுக்கு நடுவே
குளிர்கோட்டு ஜிப் பழுதுபார்க்கும் மேசை.
பஸ் ஓட்டும் டுவேன், உதட்டில் ஊசியோடு.
அது மௌனப் பகுதி.
விலை என்ன என்று விரலால் கேட்பவர்களுக்கு
தலையை மட்டும் ஆட்டுவார்.

டப்பாக்கள் இரண்டாம் மாடிக்குப் போகும்.
நகலெடுக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில்
பழைய அட்டைப் பட்டியல் அலமாரி.
‘தத்துவம்’ என்று ஒட்டிய இழுப்பறையில் தக்காளி விதை,
‘சட்டம்’ திறந்தால்
திருமதி ஹ்ரிச்சுக் மடித்துத் தந்த சதகுப்பை.
கீழ்த்தட்டுகளில் டப்பாக்கள்.
வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்,
பெயர் எழுத வேண்டாம்.
புள்ளிவிவரம் வேண்டுமே, அட்டையை ஒருமுறை தேய்த்தால் என்ன
என்றார் குழுக் கூட்டத்தில் ஒருவர்.
எங்கள் தலைவி மார்லிஸ் ஃப்ரீசன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்
அவர் உட்காரும்வரை.

முதல் நாளே ஒரு பீச் டப்பாவை நழுவவிட்டேன்.
விளிம்பில் கட்டைவிரல் அளவு நசுங்கல்.
செவ்வாயன்று மேலே போனது.
வெள்ளியன்று என் மேசைக்கே வந்தது
ஒரு பெண்ணின் கையுறைக்குள்ளிருந்து.
மறுபடி மேலே. மறுபடி கீழே,
இந்தமுறை உடற்கூறியல் இரண்டாம் பாகத்தின்மேல்,
நான்கு நாள் தாமதம்.
திரை அவன் பெயரைச் சொன்னது.
நான் சொல்லமாட்டேன், அது என் வேலை.
நசுங்கலைப் பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
தள்ளுபடி.

ஒருவர் பசியையும் ஆற்றாமல்
ஆறு டாலர் கடனை அடைத்திருந்தது அது.
ஏமாற்றா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.
புத்தகத்தை நாங்கள் அனுப்புவதும்
போய் வரத்தானே.

டிசம்பர். தேர்வு வாரம். விடிய விடியத் திறந்திருப்போம்.
மூன்று நாய்கள் வந்து
அழுகிற மடிகளாகப் பார்த்துப் படுத்துவிட்டுப் போயின.
இரவு இரண்டு மணிக்கு அவன் வந்தான்.
குரலை இறக்கி,
‘டப்பா திறப்பான் கிடைக்குமா?’

சார்ஜர் தருவோம். கால்குலேட்டர் தருவோம்.
பனியில் வழுக்காத காலணி முட்கள்,
முழங்கால் எலும்பு ஒன்று, பெட்டியோடு.
பதினொரு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை.
கேட்க முடியாமல்தான்
அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்களோ.

மறுநாள் ஒன்று வாங்கினேன், சிவப்புப் பிடி.
பட்டைக்குறி ஒட்டினேன்.
ஆசிரியர் யார் என்றது கணினி. வெற்றிடம் விட்டேன்.
பக்கங்கள் எத்தனை என்றது.
ஒன்று.
கடன் காலம் இரண்டு மணி நேரம்.

எடுத்துப் போனவன் மூன்று நாள் வரவில்லை.
நினைவூட்டல்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன.
வியாழன் காலை புத்தகப் பெட்டியைத் திறந்தால்
எல்லாவற்றுக்கும் அடியில்
காகிதத் துண்டில் சுற்றிய திறப்பான்.
கழுவித்தான் இருந்தது. ஆனாலும்
சக்கரத்தின் பல்லிடுக்கில்
உறைந்துபோய்க் கொஞ்சம் பாகு.