அடித்தகடு

பீன்யா இரண்டாம் ஃபேஸுக்கு
கூரியரில் வந்து சேர்ந்தது
ஒரு பனிவண்டியின் வயிறு.
வயிறு என்றுதான் எழுதியிருந்தார் தஜமுல்
தங்மார்க்கிலிருந்து, இந்தியில், பச்சை மையில்:
கிழிந்துவிட்டது. இதைவிட நல்லதாக ஒன்று.
டிசம்பருக்குள்.

எங்கள் ஷெட்டில் யாரும் பனியில் நின்றதில்லை.
ஊட்டியில் ஒரு விடியலில்
புல்மேல் வெள்ளையாகப் பார்த்தாராம் சம்பங்கிராமையா.
அது உறைபனி, கணக்கில் வராது என்றேன்.
லேத்தை நிறுத்தாமலே முறைத்தார்.

நான் கொள்முதல் பிரிவு.
விலை கேட்பது, குறைக்கச் சொல்வது,
மறுபடி கேட்பது என் வேலை.
அன்று மட்டும்
உடைந்த தகட்டை ட்யூப்லைட்டின் கீழ் கவிழ்த்துப் போட்டு
கீறல்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.
முன்னிருந்து பின்னாக நீள்பவை
ஓட்டத்தில் பட்டவை, நூற்றுக்கணக்கில்,
யாரும் நினைவில் வைத்திராதவை.
குறுக்கே ஒன்று. குட்டை. ஆழம்.
அந்த இடத்தில் வண்டி நின்றிருக்கிறது,
ஓட்டிய ஆள் நின்றிருக்க முடியாது.
ஆணித் துளையில் ஓர் ஊசியிலை,
இன்னும் பாதி பச்சை.

முதலாளி லிங்கராஜுவுக்கு அலுமினியம்.
நாலு மில்லி ஷீட் வாசலிலேயே கிடக்கிறது,
பளபளவென்று இருக்கும், படமெடுத்து அனுப்பலாம்.
ஆனால் அலுமினியம் பட்ட அடியை மறக்காது.
ஒருமுறை உள்வாங்கினால்
அந்தக் குழியோடுதான் மிச்ச நாளெல்லாம்.
பனியும் அதில் ஒட்டுமாம்,
ஆறின இட்லி தட்டில் ஒட்டுவதுபோல.

எனக்கு வெள்ளைப் பிளாஸ்டிக்.
கறிக்கடையில் வெட்டுப்பலகையாகக் கிடப்பது.
வழுக்கும், வளையும், திரும்பி வரும்.
குளிரில் உடையாது என்கிறது கையேடு.
கையேடுகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்கின்றன.

ஆகவே உள்ளங்கை அளவில் மூன்று துண்டு,
பழையது, அலுமினியம், வெள்ளை,
யஷ்வந்த்பூர் மீன் குளிர்க்கிடங்கில்
கொச்சுமோனிடம் கெஞ்சி
வஞ்சிரங்களுக்கு நடுவே ஒரு ராத்திரி.
மைனஸ் இருபத்திரண்டு.
காலையில் கிடங்கு வாசலிலேயே சுத்தியல்.
பழையது அப்பளம்.
அலுமினியம் குழிந்தது.
வெள்ளை, சுத்தியலை என் கையிலேயே
திருப்பிக் கொடுத்தது.
மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது.
வாசனை இன்னும் போகவில்லை.

தொலைபேசியில் துளைகளைப் பற்றிப் பேசினோம்.
துளையே இல்லாமல் மூடிவிடலாமே என்றேன்.
எப்படியும் பனி உள்ளே போகும் என்றார் தஜமுல்,
எஞ்சின் சூட்டில் உருகும், ராத்திரியில் உறையும்,
காலையில் பத்து கிலோ கூடியிருக்கும் வண்டி.
எவ்வளவு பெரிய துளை?
கட்டைவிரல் அளவு.
யாருடைய கட்டைவிரல்?
மறுநாள் வாட்ஸப்பில் வந்தது
ஸ்கேல் பக்கத்தில் ஒரு விரல்:
இருபத்தாறு மில்லி.
என்னுடையது பதினெட்டு.

அந்தக் குறுக்குக் கீறலைக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.
ஓட்டியது என் தங்கை, என்றார்,
அவளிடமே பேசுங்கள்.

ஷகுஃப்தாவின் குரல் அவசரக் குரல்.
கால் சரியாகிவிட்டது, முக்கால்வாசி.
அது பாறை இல்லை, வெட்டின மரத்தின் அடிக்கட்டை,
போன வருடம் அங்கே மரம் இருந்தது, அதனால் தெரியும்.
அண்ணன் வண்டியை விற்கச் சொல்கிறான்,
நான் தகடு மாற்றச் சொல்கிறேன்.
என்ன நிறம்?
வெள்ளை, என்றேன், கொஞ்சம் பெருமையாக.

சிரித்தாள்.
அக்கா, பனியில் கழன்று விழுந்தால்
வெள்ளையை நான் எங்கே போய்த் தேடுவேன்?

பீன்யாவில் யாருக்கும் இது தோன்றவில்லை.
கையேட்டிலும் இல்லை.

ஆரஞ்சில் வரவழைத்தோம், எட்டு நாள் தாமதம்.
பன்னிரண்டு மில்லி கனம், பதினான்கு துளை,
ஒவ்வொன்றும் தஜமுலின் கட்டைவிரல்.
ஓரங்களைச் சம்பங்கிராமையா
யாரும் சொல்லாமலே உருட்டிக் கொடுத்தார்.
பில்லில் எந்த வகையில் போடுவது என்று தெரியாமல்
இதர என்று போட்டேன்.

வீடு திரும்புகையில் ஜாலஹள்ளி கிராஸில்
வேகத்தடை ஒன்று என் ஸ்கூட்டரின் அடியை
முன்னிருந்து பின்னாக உரசியது.
நீளக் கீறல். பரவாயில்லை.

பழைய தகட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றிருந்தாள்.
என் ஸ்கூட்டருக்கு அது பொருந்தாது.
அளந்து பார்த்தேன்.